கதவை நம்பாதீர்கள், ஜன்னல் சட்டத்தை அளந்து பாருங்கள்: ஜார்ஜியன், ஃபெடரல், கலோனியல் ரிவைவல்

படத்தைப் பார்த்தே ஒரு பழைய அமெரிக்க வீடு எந்தப் பாணி என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். குழப்பிய மூன்று பாணிகளும் ஒருவழியாகப் பிரிந்து வந்துவிட்டன. குயின் ஆன், இத்தாலியனேட் போன்ற 19-ம் நூற்றாண்டுப் பாணி வீடுகளை தெருமுனையில் நின்றே சொல்லிவிடலாம். 18-ம் நூற்றாண்டின் ஜார்ஜியன், அதை அடுத்து 1800-ஐ ஒட்டி வந்த ஃபெடரல், இரண்டையும் பார்த்து நூறு வருஷத்துக்குப் பின் கட்டிய கலோனியல் ரிவைவல் என்ற மூன்றும்தான் பாடாய்ப் படுத்தின. மூன்றிலும் நடுவில் கதவு, இருபுறமும் இரண்டிரண்டு ஜன்னல், மாடியில் ஐந்து, கூரைக்கு அடியில் ஓடும் கார்னிஸ் விளிம்பில் பல்வரிசை போன்ற அலங்காரம். மாசசூசெட்ஸின் சேலம், கேம்பிரிட்ஜ் போன்ற ஊர்களின் படங்களில் இவை மாறிமாறி வருகின்றன.

பிழை எங்கே வந்தது என்றால், கதவிலிருந்து ஆரம்பித்ததில்தான். கதவுக்கு மேல் செவ்வகமாக ஒரு வரிசைச் சின்னக் கண்ணாடி என்றால் ஜார்ஜியன். அரைவட்ட அல்லது நீள்வட்ட விசிறிக் கண்ணாடி என்றால் ஃபெடரல். விதி சரிதான். ஆனால் ஒரு வீட்டில் முதலில் மாறுவது கதவுதான். 1760-களில் கட்டிய வீட்டுக்கு 1800 வாக்கில் புது மோஸ்தரில் விசிறிக் கண்ணாடி வைத்திருப்பார்கள். 1876 பிலடெல்பியா கண்காட்சிக்குப் பிறகு பழைய குடியேற்றக் காலத்தின் மேல் மோகம் பிறந்தது. அப்போது வீடு கட்டியவர்கள் இரண்டு வகைக் கதவையும் தாராளமாக எடுத்து வைத்தார்கள். கேம்பிரிட்ஜில் 1759-ல் கட்டிய லாங்ஃபெலோ வீட்டின் முகப்பைப் பார்த்துக் கட்டியவை நாடு முழுக்க உண்டு.

அதனால் வரிசையை மாற்றினேன்: முதலில் ஜன்னல் கட்டம், பிறகு சட்டத்தின் தடிமன், பிறகு செங்கல், கடைசியில் கதவு.

ஜன்னல் கட்டம் சீக்கிரம் முடிகிற வேலை. மேல் சாஷிலும் கீழ் சாஷிலும் (சாஷ் என்பது ஜன்னலில் கண்ணாடியைத் தாங்கி ஏறி இறங்கும் பலகை) ஒன்பது ஒன்பது, அல்லது பன்னிரண்டு பன்னிரண்டு சின்னக் கண்ணாடி என்றால் ஜார்ஜியன் பக்கம். ஆறுக்கு ஆறு என்றால் ஃபெடரலோ, அதற்கடுத்து வந்த கிரீக் ரிவைவலோ. மேலே ஆறோ எட்டோ, கீழே ஒரே பெரிய கண்ணாடி என்றால் மேற்கொண்டு ஆராய வேண்டாம், கலோனியல் ரிவைவல்தான். இரண்டு ஜன்னல்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றாலும் அதே தீர்ப்பு. 18-ம் நூற்றாண்டு முகப்பில் அப்படி ஜோடி போடவில்லை. சிக்கல் இரண்டுக்கு இரண்டில் வரும். பெரிய கண்ணாடி மலிவானபோது பழைய வீடுகளிலும் சாஷைக் கழற்றிப் புதிது மாட்டிவிட்டார்கள். அப்போது பின்பக்கத்தையும் பரண் ஜன்னலையும் பாருங்கள். காசு செலவழிக்காத இடத்தில்தான் பழைய சாஷ் பிழைத்திருக்கும்.

அடுத்தது மண்டின், அதாவது கண்ணாடிகளைப் பிரிக்கும் மெல்லிய மரச்சட்டம். இத்தனை நாள் தண்ணி காட்டியது இந்த இடம்தான். ஜார்ஜியனில் இதன் முகம் 1 முதல் 1¼ அங்குலம். ஃபெடரலில் ½ முதல் ¾ அங்குலத்துக்குள் இளைத்துவிடும். நேரில் விரல் வைத்தாலே தெரியும். படத்தில் விகிதம்தான் வழி. ஜார்ஜியனில் சட்டம் ஒரு கண்ணாடியின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கு அளவில் நிற்கும். ஃபெடரலில் பன்னிரண்டில் ஒன்று, சில சமயம் அதற்கும் கீழே.

படத்தைப் பெரிதாக்கி ஒரு கண்ணாடி 100 பிக்சல் வருமாறு வைத்தால், ஜார்ஜியன் சட்டம் 14 பிக்சல், ஃபெடரல் 7, 8 பிக்சல். கேட்க எளிது. ஆனால் விளிம்பு மங்கல் பக்கத்துக்கு ஒரு பிக்சல் சேர்த்தாலும் 7 என்பது 9 ஆகிவிடும், ஃபெடரல் பாதி ஜார்ஜியனாகத் தெரியும். அதனால் ஒரே சட்டத்தை அளக்காதீர்கள். ஒரு ஜன்னலின் நெடுக்குச் சட்டங்கள் எல்லாவற்றையும் அளந்து சராசரி எடுங்கள். நாலைந்து ஜன்னலில் அதையே செய்யுங்கள். குறுக்குச் சட்டம் வேண்டாம், உச்சி வெயிலில் அதன் நிழல் கீழே விழுந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். பக்கவாட்டு வெயிலில் எடுத்த படத்தில் நெடுக்குச் சட்டத்துக்கும் இதே கதி. மேகமூட்டத்தில் எடுத்த படம் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொரு பொறி, புட்டி (putty) என்ற பசைச்சாந்து. வெளிப்பக்கத்தில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி சரிவுக்கும் சேர்த்துத்தான் பெயின்ட் அடிப்பார்கள். பழுதுபார்க்கும்போது தாராளமாக அப்பிவிட்டால் சட்டம் பக்கத்துக்கு ⅛ அங்குலம் பெருத்துவிடும். உள்ளே இருந்து எடுத்த படம் இருந்தால் அதையே நம்பலாம்.

ஒட்டுச்சட்டத்தைப் பிடிப்பது சுலபம். ஒரே கண்ணாடியின் மேல் வெறும் கட்டத்தைப் பொருத்தியிருந்தால் எதிரில் உள்ள மரத்தின் பிம்பம் உடையாமல் ஒரே ஓட்டமாக ஓடும். தனித்தனிக் கண்ணாடி என்றால் ஒவ்வொன்றும் மயிரிழை சாய்ந்து நிற்பதால் கிளை கட்டத்துக்குக் கட்டம் முறிந்து முறிந்து தெரியும்.

1920-களுக்குப் பிறகு வந்த நல்ல நகல்கள் ஆறுக்கு ஆறு, மெல்லிய சட்டம் எல்லாம் சரியாகச் செய்திருக்கும். வர்ஜீனியாவின் பழைய குடியேற்றக் காலத் தலைநகரான வில்லியம்ஸ்பர்கில் 1926-ல் தொடங்கிய புனரமைப்பு வேலை கட்டடக்காரர்களுக்கு நுணுக்கமான முன்மாதிரிகளைக் கொடுத்துவிட்டது. அங்கே செங்கல்தான் காட்டிக்கொடுக்கும். ஜார்ஜியன் முகப்பில் பெரும்பாலும் ஃபிளெமிஷ் கட்டு: ஒரு நீளப்பக்கம், ஒரு தலைப்பக்கம் என்று மாறிமாறி வரும். தலைப்பக்கம் எங்குமே இல்லாமல் நீளப்பக்கம் மட்டும் ஓடினால், மரச்சட்ட வீட்டுக்கு ஒற்றைச் செங்கல் போர்வை போர்த்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆனால் 19-ம் நூற்றாண்டு நகர வீடுகளிலும் அச்சில் அழுத்திச் செய்த செங்கலால் முகப்பை இப்படிக் கட்டி, பின்சுவரோடு இணைக்கும் பிடிப்பை உள்ளே மறைத்தார்கள். பக்கச் சுவரையும் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது. ஜன்னல் பாதியைக்கூட மூடாத ஒல்லியான ஷட்டர் (ஜன்னலின் வெளிக்கதவு) இருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்தது, பிற்காலத்துச் சேர்க்கை.

படங்களுக்கு ஹாப்ஸ் போதும். 1933-ல் தொடங்கிய அமெரிக்க அரசின் கட்டட ஆவணத் தொகுப்பு அது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தளத்தில் இலவசம். சிறிய ஜேபெக்கை எடுக்காதீர்கள், டிஃப் கோப்பையே இறக்குங்கள். சட்டத்தை அளக்க அதுதான் தாங்கும். சில வீடுகளுக்கு அளவு வரைபடமும் உண்டு, அதில் மண்டினின் குறுக்குவெட்டு முழு அளவில் இருந்தால் பிக்சல் கணக்கே தேவையில்லை. ஃபெடரலுக்குக் கண்ணைப் பழக்க, சேலத்தில் 1804-ல் எழுந்த கார்ட்னர்-பிங்க்ரி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் உள்ள மூன்றாவது தளத்தின் ஜன்னல்கள் குள்ளமாகிப் போவதையும், வாசலில் அரைவட்டமாக வளைந்த தூண் மண்டபத்தையும் ஒருமுறை பார்த்தால் மறக்காது.

இன்னும் பிரியாத வீடுகளுக்கு சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களைத் தொட்டிருக்கிறேன். அவையும் அதே நூலகத் தளத்தில் கிடைக்கின்றன. இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம். மாடிக் கணக்கும் எழுதியிருக்கும். ஊரின் முதல் தாளே 1867-க்குப் பிறகுதான் இருக்கும் என்பதால் ஜார்ஜியனா ஃபெடரலா என்று அது சொல்லாது. ஆனால் 1880-களின் தாளில் காலிமனையாக இருந்து 1900-களின் தாளில் வீடு முளைத்திருந்தால், கதவில் எத்தனை அழகான விசிறி இருந்தாலும் அது ரிவைவல்தான். தாளுக்குத் தாள் தெருவின் இலக்கங்கள் மாறியிருக்கும், அதனால் இலக்கத்தை விட்டுவிட்டு மூலைமனையிலிருந்து எண்ணி வரவேண்டும். முடித்ததும் அடுத்தது ஃபோர்ஸ்கொயர் என்ற 20-ம் நூற்றாண்டுத் தொடக்கப் பாணி. அதில் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை தபால் பட்டியல் வழியாக விற்ற, பாகங்களாக வாங்கிப் பூட்டும் கிட் வீடுகளும் இருப்பதால், நிலவறை உத்தரங்களில் அச்சடித்த எழுத்தும் எண்ணும் தெரியும் படங்களை இப்போதே தனியாகச் சேர்த்து வைக்கிறேன்.