வீரமாமுனிவர் பிறந்த ஊரில்

ஏலாக்குறிச்சியைச் சுற்றியுள்ள எங்கள் பகுதியில் தெருவுக்கு ஒரு ஞானப்பிரகாசம் இருப்பார். என் தாத்தாவும் ஒரு ஞானப்பிரகாசம்தான். தவக்கால மாலைகளில் திண்ணையில் அமர்ந்து தேம்பாவணியை ராகம் போட்டுப் படிப்பார். பொருள் கேட்டால், "முதலில் காதில் விழட்டும், பொருள் தானே பின்னால் வரும்" என்பார். தன் பெயருக்குரிய புனிதரும், தான் படிக்கிற காப்பியத்தைப் பாடிய முனிவரும் ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இப்போது கேட்க வழியில்லை. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த ஊரில் ஒரு திருப்பலி காண வேண்டும் என்ற ஆசை நேர்த்திக்கடன்போல மனத்தில் கிடந்தது. இந்த ஜூன் மாதம் அது நிறைவேறியது.

ஊரின் பெயர் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. வட இத்தாலியில், லொம்பார்தியாவின் மாந்தோவா மாகாணத்தில், கார்தா ஏரிக்குத் தெற்கே சிறு குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. நாம் புனித ஞானப்பிரகாசியார் என்று அழைக்கும் அலோசியஸ் கொன்சாகா அங்கே 1568இல் பிறந்தார். வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி 1680இல் பிறந்தார். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. நானும் என் மனைவியும் வெரோனாவில் இறங்கி, ரயிலில் மாந்தோவா போய், அங்கே தங்கினோம்.

மாந்தோவாவை மூன்று பக்கமும் ஏரி சூழ்ந்திருக்கிறது. மின்சியோ ஆற்றைத் தடுத்து உண்டாக்கிய ஏரிகள். கொன்சாகா குடும்பம் சுமார் நான்கு நூற்றாண்டுகள் ஆண்ட நகரம் இது. அரண்மனையைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். நாங்கள் முதலில் போனது சாந்த் ஆந்திரேயா பேராலயத்துக்கு. கிறிஸ்துவின் விலாவைக் குத்திய போர்வீரர் லொஞ்சீனுஸ், அவருடைய இரத்தம் தோய்ந்த மண்ணை இங்கே கொண்டுவந்து புதைத்தார் என்பது இந்நகரத்தின் நம்பிக்கை. அந்த மண் இருக்கும் இரண்டு கலங்களும் நிலவறையில் இருக்கின்றன. பெரிய வெள்ளியன்றுதான் வெளியே எடுக்கிறார்கள். நாங்கள் போனபோது நிலவறை பூட்டியிருந்தது. மேலே, அந்த இடத்துக்கு நேராகத் தரையில் முழந்தாளிட்டு ஒரு பத்து மணி செபமாலை சொன்னோம். எனக்கு அதுவே நிறைந்தது.

மாலையில் ஏரிக்கரைக்குப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணுக்கு எட்டிய வரை தாமரை இலை! பூக்காலம் ஜூலையில்தான் தொடங்குமாம். இப்போது அங்கங்கே மொட்டுகள் மட்டும். சீனத்திலிருந்து வந்த அந்தத் தாமரையை மரியா பெல்லெக்ரெஃபி என்ற இளம்பெண் 1921இல் இந்த ஏரியில் நட்டாராம். அது கேட்டதும் என் மனம் தேம்பாவணிக்குப் போனது. காப்பியத்தின் முதல் பாட்டிலேயே முனிவர் கடவுளின் பாதத்தைக் கமலம் என்று சொல்லிப் பணிகிறார். அவர் இந்த மாகாணத்தில் சிறுவனாகத் திரிந்த நாளில் இந்த ஏரியில் தாமரை இல்லை. நம் குளங்களில் பார்த்து, நம் பாட்டுகளில் படித்துத்தான் அவர் தாமரையைக் கற்றிருக்க வேண்டும். அவருடைய சொந்த மாகாணத்துக்கு அது வந்து சேர இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின. இருட்டும் வரை அந்தக் கரையை விட்டு எழ எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்து க்ராத்சியே போனோம். மாந்தோவாவுக்கு வந்து, பக்கத்திலிருக்கும் இந்தத் திருத்தலத்தைப் பார்க்காமல் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கொள்ளைநோய் நீங்கினால் மாதாவுக்குக் கோவில் கட்டுவேன் என்று பிரான்செஸ்கோ கொன்சாகா வேண்டிக்கொண்டார், நோய் தணிந்தது, 1406இல் கோவில் அபிஷேகம் ஆனது. உள்ளே நுழைந்தால் இரு சுவரிலும் மாடம் மாடமாக ஆள் உயர உருவங்கள். தூக்குக் கயிற்றிலிருந்து தப்பியவர், கிணற்றில் தள்ளப்பட்டுப் பிழைத்தவர் என்று மாதா காப்பாற்றிய மனிதர்கள் நிற்கிறார்கள். மாடங்களைச் சுற்றிய சுவர் முழுக்க மெழுகில் வார்த்த கைகள், கண்கள், இதயங்கள். வேளாங்கண்ணியில் கண்ணும் காலும் வெள்ளித் தகட்டில் வாங்கிக் காணிக்கை செலுத்தும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் மனைவி அந்த மெழுகுக் கண்களுக்குக் கீழே வெகுநேரம் நின்றாள். அவளுடைய அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

மேலே கூரையிலிருந்து சங்கிலியில் ஒரு முதலை தொங்குகிறது. உண்மையான முதலை, பாடம் செய்தது. தீமையைக் கட்டிப்போட்டதற்கு அடையாளம் என்கிறார்கள். ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா அன்று இங்கே பெரிய சந்தை கூடும். கோவில் முன்னே தரையில் சுண்ணக்கட்டியால் மாதா படம் வரையும் ஓவியர்கள் பல நாடுகளிலிருந்து வருவார்கள். அந்த நாளில் ஒருமுறை வர வேண்டும்.

மதியம் பூசணிக்காய் அடைத்த தொர்த்தெல்லி சாப்பிட்டோம். பூசணியோடு பாதாம் பிஸ்கட் பொடியும் காரமான பழ ஊறலும் சேர்ப்பார்களாம். இனிப்பும் காரமும் ஒன்றாக நாக்கில் ஏறியது. மாந்தோவா மக்கள் கிறிஸ்து பிறப்பு விழிப்பு நாளில் இறைச்சி தவிர்த்து இதைத்தான் உண்பார்கள்.

வெள்ளிக்கிழமை, ஜூன் 21. ஞானப்பிரகாசியாரின் திருநாள். பிரேஷா செல்லும் பஸ்ஸில் ஏறி, கொயித்தோ, குயிதித்சோலோ என்று ஊர் ஊராகக் கடந்து காஸ்திலியோனேயில் இறங்கினோம். முனிவர் பிறந்த வீடு எது என்று நான் தேடவில்லை. அந்தத் தெருக்களில் நடந்தால் போதும் என்று இருந்தது. 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, 1710இல் கப்பலேறி, பிறகு ஒருநாளும் அவர் இங்கே திரும்பவில்லை.

புனித லூயிஜி கொன்சாகா பேராலயத்தில் மாலைத் திருப்பலி. லூயிஜி என்பது அலோசியஸ் என்ற பெயரின் இத்தாலிய வடிவம். முன்னே, பேழையில், ஞானப்பிரகாசியாரின் மண்டையோடு. உடலின் மற்றப் பகுதி ரோமையில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் இருக்கிறது. இந்தச் சிறு அரசின் மூத்த வாரிசாகப் பிறந்தவர் அவர். 17 வயதில் பட்டத்தைத் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு ரோமைக்குப் போய் இயேசு சபையில் சேர்ந்தார். 1591இல் ரோமையைக் கொள்ளைநோய் தாக்கியபோது, தெருவில் விழுந்து கிடந்த நோயாளிகளைத் தோளில் சுமந்து மருத்துவமனை சேர்த்தார்; நோய் தொற்றியது; 23 வயதில் இறந்தார். அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1726 டிசம்பர் 31இல். தேம்பாவணி நிறைவுற்றதும் அதே 1726 என்றுதான் நம் நூல்கள் சொல்கின்றன. ஊரின் ஒரு பிள்ளை ரோமையில் பீடத்துக்கு உயர்ந்த ஆண்டில், இன்னொரு பிள்ளை கொள்ளிடக் கரையில் 3,615 பாடல்களைத் தமிழில் பாடி முடித்திருக்கிறார். திருப்பலியில் புனிதரின் பெயர் சொல்லப்பட்டபோதெல்லாம் எனக்கு அது தாத்தாவின் பெயராகவே கேட்டது.

சனிக்கிழமை சொல்ஃபெரினோ. அதைப் பார்க்காமல் காஸ்திலியோனே முழுமையாக விளங்காது. 1859 ஜூன் 24 அன்று, ஞானப்பிரகாசியார் திருநாள் முடிந்த மூன்றாம் நாள், பிரெஞ்சுப் படையும் சார்தீனியப் படையும் ஒருபக்கம், ஆஸ்திரியப் படை மறுபக்கம் என இந்தக் குன்றுகளில் மோதின. அன்று விழுந்தவர்களின் எலும்புகள் சொல்ஃபெரினோவில் புனித பேதுரு ஆலயத்தில் இருக்கின்றன. சுவர் முழுக்க, வரிசை வரிசையாக மண்டையோடுகள். எது யாருடையது, எந்தக் கொடியின்கீழ் வந்தவன் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் வாய்விட்டுச் செபிக்கத் தொடங்கினேன். குரல் பாதியில் நின்றுவிட்டது. மனைவி தொடர்ந்து சொல்லி முடித்தாள்.

காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வண்டியிலும் நடந்தும் காஸ்திலியோனேக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரின் ஆலயங்கள் எல்லாம் மருத்துவமனைகளாயின. பெரிய கோவிலில் ஊர்ப் பெண்கள் தண்ணீரும் துணியும் கொண்டு வந்து, தங்கள் நாட்டவன், எதிரி நாட்டவன் என்று பாராமல் எல்லாருக்கும் கட்டுப்போட்டார்கள். "துத்தி ஃப்ரதெல்லி" என்றார்களாம்; எல்லாரும் சகோதரர்கள். தொழில் விஷயமாக வந்த ஜெனீவாக்காரர் ஆன்றி துனான் அங்கே அகப்பட்டுக்கொண்டார். அந்தப் பெண்களோடு நின்று வேலை செய்தார். அவர் எழுதிய நினைவுக் குறிப்பிலிருந்துதான் 1863இல் செஞ்சிலுவை அமைப்பு பிறந்தது.

நோயாளியைத் தோளில் சுமந்து உயிர்விட்ட இளைஞனின் மண்டையோட்டை வணங்கி வளர்ந்த ஊர் அது. வந்து விழுந்தவனை எடுத்துக் கிடத்தத் தெரிந்த ஊர். வீரமாமுனிவர் எங்கள் ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பேரிட்டதும், அங்குள்ள தாயை அடைக்கல மாதா என்று அழைத்ததும் சும்மா வந்த சொற்கள் என்று இனி நான் நினைக்க மாட்டேன்.

அன்றிரவு, ஆண்டுதோறும் நடப்பதுபோல, செஞ்சிலுவைத் தொண்டர்கள் தீப்பந்தம் ஏந்தி சொல்ஃபெரினோவிலிருந்து காஸ்திலியோனே வரை நடந்தார்கள். நாங்கள் ஊர் எல்லையில் நின்றோம். காயம்பட்டவர்கள் வந்த அதே வழியில், குன்றின் சரிவில், முதலில் ஒரு சிவந்த கோடு. பிறகு ஆயிரக்கணக்கான முகங்கள். பல நாட்டு முகங்கள். அருகில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். கடைசிப் பந்தம் தாண்டும் வரை அவர் அதைத் திரும்ப அணியவில்லை.

ஞாயிறு காலை, கிளம்புமுன் மீண்டும் பேராலயத்துக்குப் போனேன். வாசலருகே ஒரு மேசையில் வருகையாளர் குறிப்பேடு இருந்தது. தாத்தாவின் பெயரை எழுதினேன். அதன் கீழே "தேம்பாவணி" என்று எழுதத் தொடங்கி, முதல் எழுத்திலேயே பேனா நின்றது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு கொடுத்தவர் வீரமாமுனிவர் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த இரட்டைச் சுழிக் கொம்பு அவர் கொடுத்தது. அவருடைய காப்பியத்தின் பெயரை எழுதக் கை வைத்தவுடன் அவருடைய சுழிதான் முதலில் விழுகிறது.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த மொழி என்று கேட்டார். சொன்னேன். இந்த ஊரில் பிறந்த ஒருவர் இந்த மொழியில் பெரிய கவிஞர் என்றும், எங்கள் ஊரில் இன்றும் அவரைப் படிக்கிறோம் என்றும் கைபேசியின் துணையோடு சொன்னேன். அவர் குறிப்பேட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்தச் சுழியின் மேல் விரலை வைத்து, நான் போட்ட வழியே மெல்லப் போட்டுப் பார்த்தார்.