ஜான்ஸ்டனின் பென்சில்

பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து சுத்தப்படுத்துவது என் பிழைப்பு. பெரும்பாலும் கல்யாண ஆல்பங்கள்தான். ஒருமுறை வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் அனுப்பிய ஃபைல்களில் நியூயார்க் மேடை அழகிகள் இருந்தார்கள். ஃப்ளோரன்ஸ் சீக்ஃபெல்ட் 1907-ல் தொடங்கிய 'ஃபாலீஸ்' என்ற ஆடல்பாடல் மேடை நிகழ்ச்சிகளில் ஆடிய பெண்கள். எடுத்தவர் ஆல்ஃபிரட் செனி ஜான்ஸ்டன்.

ஜான்ஸ்டன் ஓவியம் படித்தவர். 1917 வாக்கில் சீக்ஃபெல்டிடம் சேர்ந்தார். லூயிஸ் ப்ரூக்ஸ், பின்னாளில் பார்பரா ஸ்டான்விக் என்று பெயர் மாற்றிக்கொண்ட ரூபி ஸ்டீவன்ஸ் என்று பிற்பாடு சினிமா நட்சத்திரங்களானவர்கள் எல்லாரும் அவர் கேமரா முன் நின்றவர்கள். உடை என்று பார்த்தால் பல படங்களில் ஒரு சால்வையும் முத்துமாலையும்தான். ஆனால் அந்தச் சால்வை எங்கே இறுகி, எங்கே நழுவுகிறது என்பதில் ஓவியர் தெரிகிறார்.

அவர் பயன்படுத்தியது 11×14 அங்குலக் கண்ணாடி நெகட்டிவ், அதாவது கறுப்பும் வெளுப்பும் தலைகீழாகப் பதியும் மூலப்படம். கையால் திருத்த அவ்வளவு இடம் கிடைத்தது. அன்று பரவலாகப் புழங்கிய கண்ணாடி பிளேட்டுகளுக்குச் சிவப்பு நிறம் பிடிபடாது. உதடு கறுத்துவிடும், கன்னத்துச் செம்புள்ளிகள் கரும்புள்ளிகளாக விழும். அதனால் நெகட்டிவில் ஒரு மெல்லிய மருந்தைத் தடவி, அதன்மேல் கூர்மையான பென்சிலால் தீட்டுவார்கள். நம்மூர் ஸ்டுடியோக்களிலும் இதே 'டச்சப்' வேலைக்கென்று ஜன்னலோரம் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார்.

என் சிக்கல் இங்கேதான். நெகட்டிவில் ஒட்டிய தூசி பிரிண்டில் வெள்ளையாக வரும், கீறல் கறுப்பாக வரும். பென்சில் கோடும் வெளிறித்தான் வரும். தூசிக்கும் அதற்கும் எப்படி வித்தியாசம் காண்பது? நாலு மடங்கு பெரிதாக்கிக் கன்னத்தைப் பார்த்தால் புரியும். தூசி கண்ட இடத்தில் கிடக்கும். பென்சில் கோடுகள் தாடை எலும்பின் வளைவைப் பிடித்துக்கொண்டே போகும்.

சேகரிப்பாளருக்கு "முகம் இன்னும் வழவழப்பாக" வேண்டுமாம். அந்த முகத்தை வழவழப்பாக்கியது அந்தக் கோடுகள்தானே! கோடு தெரிகிற மாதிரி ஒன்று, அவர் கேட்டபடி ஒன்று என்று இரண்டாக அனுப்பினேன். இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டார். சரி, படம் அவருடையது.

இப்போது ஏஐ ஃபில்டர் ஒரே நொடியில் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. அந்தக் கோடுகளையும் அழுக்கென்றே எடுத்துக்கொள்கிறது. சில சமயம் சால்வைக் குஞ்சமும் கூடவே காணாமல் போகிறது. இந்த வகைப் படம் வந்தால் நான் கையால்தான் செய்கிறேன். ரேட்டும் அதற்கேற்ப.