இறக்கை கட்டிய பூஸ்டர்: இரண்டடுக்கு மாதிரி ராக்கெட் கட்டிப் பறக்கவிட்ட அனுபவம்

இரண்டடுக்கு மாதிரி ராக்கெட்டில் பூஸ்டர் எனும் கீழடுக்குக்குப் பெரும்பாலும் மரியாதையே கிடையாது. ஒன்றிரண்டு வினாடி எரியும், கழன்று குட்டிக்கரணம் போட்டு விழும், பிறகு புல்லில் தேடி எடுக்க வேண்டும். அதற்கு இறக்கை வைத்துக் கிளைடராக இறக்கலாம் என்று டர்பனில் நாங்கள் சிலர் எடுத்த வேலை நாலு மாதம் இழுத்தது.

சிக்கல் இதுதான். ஏறும்போது அந்த இறக்கை வெறும் ஃபின், அதாவது ராக்கெட்டை நேராகப் போகவைக்கும் தகடு. தூக்குவிசை துளியும் தரக்கூடாது. தந்தால் ராக்கெட் வளைந்துவிடும். கழன்ற மறுகணம் அதே இறக்கை தூக்கியாக வேண்டும். வரைபடத்தில் செலவான நேரத்தில் முக்கால்வாசி, இந்த மாற்றம் நடக்கும் அரை வினாடிக்கே போனது.

மோட்டார்கள் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 70 மில்லிமீட்டர் நீளமுள்ள கருமருந்து வகை. கீழே பி6-0 அல்லது சி6-0, மேலே ஏ8-5. எழுத்து மோட்டாரின் வலு: ஏ-யைவிட பி பெரியது, பி-யைவிட சி. கோட்டுக்குப் பின்னால் உள்ள எண், எரிந்து முடிந்தபின் பாராசூட் வெளியே வரும்வரை உள்ள தாமதம், வினாடியில். பூஜ்யம் என்றால் தாமத மருந்தும் கிடையாது, பாராசூட்டைத் தள்ளும் மருந்தும் கிடையாது. எரிமருந்து மெலிந்து மேல்முனையில் உடையும்போது பீறிடும் தீப்பொறி மேல் மோட்டாரின் நாசிலுக்குள் (தீ வெளியேறும் வாய்) போய் அதைப் பற்றவைக்கும். கம்போசிட் மோட்டாரை (கருமருந்துக்குப் பதில் ரப்பர் போன்ற எரிமருந்து உள்ளது) இப்படிப் பற்றவைக்க முடியாது. பொறியோடு அழுத்தமும் வருகிறது என்பதை மறக்கக்கூடாது. இணைப்பு தளர்வாக இருந்தால், மேல் மோட்டார் பற்றுவதற்கு முன்பே இரண்டடுக்கும் விலகிவிடும். அதனால் இரண்டு மோட்டாரையும் ஒட்ட வைத்து 12 மில்லிமீட்டர் செல்லோடேப் ஒரே ஒரு சுற்று. இரண்டு சுற்று போட்டால் பிரிய அடம்பிடிக்கும். ஒருமுறை பழைய டேப், நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி: மேலடுக்கு பற்றாமலே ஈட்டிபோல வந்து தரையில் குத்தியது. ஏவும் இடத்திலிருந்து எல்லோரும் 15 மீட்டர் தள்ளி, அண்ணாந்து பார்த்தபடி நின்றதால் பிழைத்தோம். சிறிய மோட்டாருக்கு 5 மீட்டர் போதும் என்ற வழக்கமான விதி ஏற்கெனவே பறந்து பழகிய ராக்கெட்டுக்கு.

கீழ் மோட்டாரை எங்கே வைப்பது? முதல் வரைபடத்தில் 200 மில்லிமீட்டர் குழாய், மோட்டார் அடியில். பொறி மேலேறுவதற்குக் குழாயில் துளை போட்டால் போதும். ஆனால் எரிந்து முடிந்த கூடு ஏறக்குறைய 10 கிராம். அது வாலில் தொங்கினால், ஈடுகட்ட மூக்கில் அதைவிட அதிகமாகக் களிமண் அப்ப வேண்டும். மோட்டாரை மட்டும் முன்னால் ஏற்றினால் நாசில் குழாய்க்குள் ஆழத்தில் மாட்டிக்கொள்ளும். குழாயின் விட்டத்தைவிட உள்ளே போனாலே உந்துவிசை கணிசமாகக் குறைகிறது. ஆகவே குழாயையே 85 மில்லிமீட்டராக வெட்டிவிட்டு, இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தோம். தீச்சுவாலை இரண்டு இறக்கைக்கும் நடுவே போகிறது. இறக்கை முனைகள் பின்தங்கி இருப்பதால் வாலின் வேலையை அவையே பார்க்கின்றன. காலிக் கூடே மூக்கு எடையாகிவிட்டது.

அளவுகள்: ஒவ்வொரு இறக்கையும் 170 மில்லிமீட்டர் நீளம், குழாய் ஓரத்தில் 85 அகலம், முனையில் 55, முன்விளிம்பு 35 டிகிரி சாய்வு. மெல்லெடை பால்சா 3 மில்லிமீட்டர். மரத்தின் நார் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். இதைக் கோட்டைவிட்டதன் பலனைக் கீழே சொல்கிறேன். சராசரி இறக்கை அகலத்தின் கால்பங்கில் தூக்குவிசை மையம் என்று கணக்குப் போட்டால், அது இறக்கை குழாயில் தொடங்கும் இடத்திலிருந்து 73 மில்லிமீட்டரில் வருகிறது. எடைமையம் அதற்குச் சற்று முன்னால், 66-இல் இருக்க வேண்டும். காலிக் கூட்டோடு நிறுத்துப் பார்த்தபோது 71-இல் இருந்தது. குழாயின் முன் விளிம்பைச் சுற்றி 2 கிராம் களிமண் வைத்ததும் சரியானது. மொத்தம் 28 கிராம்.

இனி எலிவான்: கழன்றதும் மேலெழுந்து, இறக்கையை மிதக்கவைக்கும் அசையும் துண்டு. முனைக்குப் பக்கத்தில், பின்விளிம்பில், 60க்கு 15 மில்லிமீட்டர் துண்டு ஒவ்வொரு பக்கமும். மேற்புறக் கொம்பில் ரப்பர் நூல் அதை மேலே இழுக்கிறது. சின்னக் கம்பித் தடுப்பு 3 மில்லிமீட்டரில் நிறுத்துகிறது. அடிப்புறக் கொம்பிலிருந்து கெவ்லார் நூல் ஓடி வந்து, பூஸ்டர் குழாயின் அடியில் ஒட்டிய 12 மில்லிமீட்டர் சிறு குழாயின் நடுவெட்டில் வளையமாக உட்காருகிறது. மேலடுக்கிலிருந்து பின்னோக்கி நீட்டிய 0.8 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி அந்தச் சிறு குழாய்க்குள் நுழைந்து வளையத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேலடுக்கு முன்னால் போனதும் கம்பி உருவிக்கொள்ளும், நூல் விடுபடும், இரண்டு எலிவானும் 'டக்' என்று எழும். பருத்தி நூல் வேண்டாம்: இணைப்பில் வரும் தீயில் கருகும் என்பது ஒன்று, டர்பன் ஈரக்காற்றில் ஒரே இரவில் நீளம் மாறும் என்பது இன்னொன்று. ஏறும்போது எலிவான் அரை மில்லிமீட்டர் எழுந்து நின்றாலே போதும், ராக்கெட் முதுகுப்பக்கமாக வளையும். ஏவுவதற்குச் சற்று முன் இறக்கைமேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

நிலைத்தன்மைக்கு, காற்றின் விசை மொத்தமும் குவியும் புள்ளியான அழுத்த மையம் எடைமையத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதற்கு வழக்கமாகப் போடும் பாரோமன் கணக்கு, சுற்றிலும் சமமாக அமைந்த ஃபின்களை மனத்தில் வைத்தது. இங்கே இரண்டே இறக்கை. ஆகவே இறக்கையின் தட்டைப் பக்கத்துக்கு ஒரு கணக்கு, விளிம்புப் பக்கத்துக்கு ஒரு கணக்கு. தட்டைப் பக்கத்தில் அழுத்த மையம் எடைமையத்துக்கு நாலு குழாய் விட்டம் பின்னால் வந்தது; தேவைக்கு மிக அதிகம். விளிம்புப் பக்கத்தில் இறக்கை உதவாது, முனைகளில் நிற்கும் செங்குத்து ஃபின்கள்தான் கதி. முதலில் வைத்த 35க்கு 40 மில்லிமீட்டர் ஃபின்களால் ஒரு விட்டம்கூடத் தேறவில்லை. 60க்கு 50 ஆக்கி, இறக்கைக்கு மேலும் கீழும் சமமாக நீட்டினோம். மேலடுக்கு தனியாகவும் நிலையாக இருக்கிறதா என்று மறுபடி ஒரு கணக்கு. இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

நிலைத்தன்மை அதிகமானால் ராக்கெட் காற்றை நோக்கித் திரும்பும். ஓரடுக்கில் அது சின்னத் தொல்லை. இரண்டடுக்கில், சாய்ந்த நேரம் பார்த்து இரண்டாம் மோட்டார் பற்றி, பக்கத்து ஊருக்கு வழி காட்டிவிடும். பரிகாரம் எளிது: காற்று இறக்கையின் நீளவாக்கில் அடிக்கும்படி ராக்கெட்டை ஏவுகம்பியில் திருப்பி நிறுத்துங்கள். தட்டைப் பக்கம் காற்றுக்கு அகப்படாது. கம்பி 3 மில்லிமீட்டர் தடிமன், ஒரு மீட்டர் நீளம். காற்று வினாடிக்கு 4 மீட்டரைத் தாண்டினால் பெட்டியை மூடிவிடுவோம்.

இடம் தேடுவது தனி அத்தியாயம். டோங்காட், வெருலம் பக்கம் திறந்தவெளி உண்டு. ஆனால் கிங் ஷாக்கா விமான நிலையம் கூப்பிடு தூரம். கரும்புக்குள் விழுந்த கிளைடர் அறுவடைக்குத்தான் கிடைக்கும், காய்ந்த தோகைக்குப் பொறியும் ஆகாது. கடைசியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி ஒரு மேய்ச்சல் நிலம், சொந்தக்காரர் அனுமதியோடு. குளிர்காலத்தில் புல் சருகாகிவிடும், உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று வறண்டு வீசும். அந்த நாட்களில் ஏவுவதில்லை. மற்ற நாட்களில் விடிந்ததும் போய், வெயில் ஏறுமுன் முடித்து, ஏவுமேடையைச் சுற்றி மண்ணை நனைத்து, இரண்டு வாளித் தண்ணீரோடு நிற்போம். மோட்டார்களை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். சூடேறி ஆறினால் மருந்தில் விரிசல் விழும், பற்றியதும் வெடிக்கும்.

(டர்பனில் ராக்கெட் என்று வாயெடுத்தாலே, க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஃபீனிக்ஸ் ராக்கெட் 2021இல் ஓவர்பெர்க் தளத்திலிருந்து 17.9 கிலோமீட்டர் ஏறியதைத்தான் பேசுவார்கள். அதே ஊரில் நாங்கள் 60 மீட்டருக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.)

நெருப்பு வைக்கும் முன் இரண்டு சோதனை. காலிக் கூட்டோடு கிளைடரைத் தோளுயரத்திலிருந்து லேசாகக் கீழ்நோக்கி எறிய வேண்டும். மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால் களிமண் கூட்டு. நேரே குத்தினால் களிமண் குறை, அல்லது எலிவான் தடுப்பைக் கால் மில்லிமீட்டர் உயர்த்து. வலது எலிவான் இடதைவிட அரை மில்லிமீட்டர் அதிகம் எழுந்தால் வலப்புறம் வட்டமடிக்கும். அது வேண்டும், இல்லாவிட்டால் நேரே போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது, மேலடுக்கைக் கையால் நேராக உருவி எலிவான் எழுகிறதா என்று இருபது முறை. பத்தொன்பது முறை எழுந்தால் போதாது.

முதல் ஏவல் பி6-0, ஏ8-5. மேலடுக்கு நூல் பிடித்தாற்போலப் போனது. கிளைடரில் ஒரு எலிவான் மட்டும் எழுந்து, திருகியபடி விழுந்தது. கீல் இடுக்கில் வார்னிஷ் ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கை அரை மில்லிமீட்டர் அகலப்படுத்தி டால்கம் பவுடர் தூவினோம். அடுத்ததில் மேல் மோட்டாரின் உதையில் காலிக் கூடு பின்வழியே வெளியேறிவிட, மூக்கு எடை போய் ஊஞ்சலாடி இறங்கியது. மாஸ்கிங் டேப் இறுக்கம் மட்டும் போதவில்லை. குழாயின் பின்முனையில் கம்பிக் கொக்கி சேர்த்தோம். மூன்றாவதில் சி6-0 போட்டதும் உச்ச வேகத்தில் வண்டுபோல ஒரு ரீங்காரம், உடனே இடது இறக்கை பிய்ந்து பறந்தது. அது 2 மில்லிமீட்டர் பலகை, நார் குழாய்க்கு இணையாக ஓடியது. மேலே சொன்ன 3 மில்லிமீட்டரும் நார் திசையும் அதற்குப் பிறகு வந்தவை. மேலே மெல்லிய டிஷ்யூ தாளை நீர்த்த வெள்ளைப் பசையால் போர்த்தினோம். குழாய் ஓரப் பின்விளிம்பு கருகியதால் அங்கே அலுமினிய டேப்.

நான்காவது ஏவல், சி6-0, ஏ8-5. பிரிந்த இடத்தில் ஒரு புகைமுடிச்சு; அதற்கு மேலே எலிவான் எழுந்த கிளைடர் ஒரு கணம் மூக்கைத் தூக்கி, சாய்ந்து, வலப்புறம் வட்டமடிக்கத் தொடங்கியது. 34 வினாடி. ஏவுமேடையிலிருந்து நாற்பது தப்படியில் இறங்கியது.

ஐந்தாவதில் ஆசைப்பட்டு மேலடுக்கில் பி6-6 வைத்தோம். கிளைடர் காலடிக்கு வந்தது. மேலடுக்கு வேலி தாண்டிக் கரும்புக்குள் போய்விட்டது. புது மேலடுக்குக்குப் பிசின் காய்ந்துகொண்டிருக்கிறது. இறங்கும் வேகத்தைக் குறைக்கும் பட்டை ஸ்ட்ரீமர் இந்தமுறை ஆரஞ்சு, ஒரு மீட்டர் நீளம்.