கால் வீக்கத்துக்கு ஆயுர்வேதம் பார்க்கப் போறீங்களா? மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க

அம்மாவுக்கு இரண்டு கால் வீக்கமும் இப்போதுதான் வடிந்திருக்கிறது. நிம்மதிதான், ஆனாலும் முதலில் பார்த்த வைத்தியர் மேல் உள்ள ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வயசானா நீர் கோர்க்கத்தான் செய்யும்" என்று தைலமும் சூரணமும் கொடுத்து அனுப்பிவிட்டார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேய்த்ததுதான் மிச்சம், வீக்கம் அப்படியே இருந்தது.

அடுத்துப் பார்த்த ஆயுர்வேத மருத்துவர், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. எந்த நேரத்தில் கூடுகிறது, எரிச்சல் உண்டா, தொட்டால் வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். அழுத்தியதும் சட்டென்று எழும்பி, பகலில் கூடினால் வாதம். எரிச்சலும் சிவப்பும் இருந்தால் பித்தம். கனத்து, குழி எழும்பாமல் இரவில் கூடினால் கபம் என்று பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை பிரிக்கிறது. அம்மாவுக்குக் கபம்தான், எண்ணெய் தேய்ப்பதே வேண்டாம் என்றார். உப்பு, புளிப்பு, தயிர், பகல் தூக்கம் எல்லாவற்றுக்கும் தடை.

அப்புறம் மாத்திரைச் சீட்டைக் கேட்டார். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் அதில் இருந்தது. சிலருக்கு அதுவே கணுக்காலை வீங்க வைக்குமாம். காரணத்தை விலக்காமல் கஷாயம் கொடுத்துப் பயனில்லை, ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடமே போய்க் கேளுங்கள் என்றார். அந்த நேர்மைக்காகவே அவரைக் கும்பிடலாம்.

சிறுநீரகத்தில் கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கச் சொன்னார். பரிசோதனைக் கூடத்தில் ரத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு, சிறுநீர்ச் சோதனை பதிவிலேயே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள், சீட்டில் தெளிவாக எழுதியிருந்தும். வீங்கிய காலோடு அம்மா மறுபடியும் படியேற வேண்டியிருந்தது. பணம் கட்டும்போதே ரசீதில் எல்லாச் சோதனையும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிறுநீரகம் நன்றாக இருந்தது. அம்லோடிபின் எழுதிக் கொடுத்தவரே மாத்திரையை மாற்றினார், கூடவே ஆயுர்வேத மருத்துவர் கொடுத்த மூக்கிரட்டை வேர் சேர்ந்த புனர்நவாதி கஷாயம். பழைய செருப்பு இப்போது அம்மா காலில் நுழைகிறது!

மூக்கிரட்டையில் பொட்டாசியம் உண்டு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் குடிக்காதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ கஷாயம், தைலம் என்று யோசித்துக்கொண்டு இருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்கு ஓடுங்கள்.