அவரைப் பந்தலில் கிடந்த இரண்டு ஜன்னல்கள்

2021இல் எங்கள் சாப்பாட்டு அறையின் இரண்டு மர ஜன்னல்களைக் கழற்றிவிட்டு வினைல் (பிளாஸ்டிக்) ஜன்னல்கள் போட்டேன். பழையவை மேலே தூக்கித் திறக்கும் வகை. உள்ளே இருக்கும் கயிறு அறுந்து, தூக்கிய சட்டம் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தது. புதியது போட்டால் மின்கட்டணம் மிச்சம் என்று கான்ட்ராக்டர் சொன்னார். நானும் தலையாட்டினேன். அதே வீட்டை ஊரின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கக் கேட்டு 2023இல் கிளம்பியபோது, மதிப்பீட்டு அறிக்கையின் முதல் வரைவில் அந்த இரண்டு ஜன்னல்களுக்கு மட்டும் முக்கால் பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. வீட்டைக் கட்டியவருக்குக் கிடைத்ததோ இரண்டு வரி.

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில் ஒரு நடுத்தர ஊர். வீடு ‘கிராஃப்ட்ஸ்மன் பங்களா’ வகை. நம் ஊரில் பங்களா என்றால் பணக்காரர் வீடு. இங்கே அது தாழ்ந்த கூரையும் அகன்ற இறவாரமும் உள்ள சின்ன மரவீடு. முன்தாழ்வாரத்தில் கீழே பருத்து மேலே மெலிந்த தூண்கள், கூரைக்கடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கைகள், சுவரோடு சேர்த்துச் செய்த அலமாரி. இதற்கெல்லாம் ஆசைப்பட்டுத்தான் 2019இல் வாங்கினோம். ஆனால் சின்னமாக்கும் யோசனை வந்ததற்கு அழகுணர்ச்சி காரணமில்லை, சொத்துவரிதான். 1972இல் வந்த மில்ஸ் சட்டத்தின்படி, பாரம்பரியக் கட்டடத்தைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பதாக உள்ளாட்சி நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டால், சந்தை விலையை விட்டுவிட்டு வாடகை வருமானக் கணக்கில் வரியைப் போடுவார்கள். எங்களைப்போல விலை ஏறிய பிறகு வாங்கியவர்களுக்கு அது பெரிய தொகை. 1980களிலோ 90களிலோ வாங்கியவர்கள் இதற்காக அலைய வேண்டாம். 1978இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ‘13ஆம் முன்மொழிவு’ என்ற சொத்துவரிச் சட்டம், வரி போடுவதற்கான அவர்கள் வீட்டு மதிப்பை ஏற்கெனவே ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் கட்டிப்போட்டிருக்கிறது. மில்ஸ் கணக்கு அதைவிடக் கீழே போகாமலே போகலாம். இந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லியிருந்தால், என் நண்பர் ஒருவர் நாலு மாதம் வீணாக்கியிருக்க மாட்டார்.

விண்ணப்பத்தின் முதல் கேள்வி, கட்டிய ஆண்டு. வரி ஆவணத்தில் 1900 என்று இருந்தது. அதையே எழுதினேன். ஆய்வாளர் (கட்டடக்கலை வரலாறு படித்தவர், தகுதிச் சான்று உள்ளவர், இந்த வேலைக்கு அப்படிப்பட்டவர்தான் வேண்டும்) வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘இந்தத் தூண்கள் 1900இல் கிடையாது’ என்றார். வரி ஆவணத்தில் இப்படி முழு எண்ணில் முடியும் ஆண்டு பெரும்பாலும் யாரோ ஒரு குமாஸ்தாவின் ஊகமாம். ஆதாரத்தைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. அவரே தேடினால் மணிக்கணக்கில் கட்டணம்; நான் தேடினால் இலவசம் என்று நினைத்தேன். விடுப்பு எடுத்த நாட்களைப் பிறகு எண்ணிப் பார்த்தேன், இலவசம் இல்லை.

நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, மூலப் பத்திரம் வரை பின்னோக்கிப் போவோம் அல்லவா? இங்கும் அதே வேலைதான். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர் என்று இரண்டு பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன. இது தெரியாமல் ஆவணப் பதிவு அலுவலகத்துக்கு முகவரியோடு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், முகவரியை வைத்துத் தேட முடியாது, பெயரும் ஆண்டும் வேண்டும் என்றார். எனக்குத் தெரியாததே அந்த இரண்டும்தான் என்றேன். ‘அப்படியானால் உதவ முடியாது’ என்று அடுத்தவரை அழைத்துவிட்டார். உனக்கு விற்றவரின் பெயரில் தொடங்கு, அவர் வாங்கிய பத்திரத்தில் அவருக்கு விற்றவர் பெயர் இருக்கும், அப்படியே படியிறங்கிப் போ என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? அதை நானே கண்டுபிடித்து மறுபடி போனபோது, பழைய தொகுதிகள் அங்கே இல்லை, வேறு கட்டடத்தில் மைக்ரோஃபிலிமாக இருக்கின்றன, முன்பதிவு வேண்டும் என்றார்கள். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

ஒருவழியாகச் சங்கிலியைப் பிடித்து 1910 வரை போனேன். அங்கே இன்னொரு குழி. பழைய பத்திரங்களில் கதவிலக்கமே கிடையாது; மனை எண், தொகுதி எண் மட்டும்தான். மனை கைமாறியது தெரிகிறது, வீடு எழுந்தது தெரியவில்லை. தீக்காப்பீட்டுக்காக வரைந்த சான்பார்ன் வரைபடங்களை எடுத்தேன். அழகான வரைபடங்கள்! செங்கல் வீடு இளஞ்சிவப்பு, மரவீடு மஞ்சள், வசிப்பிடத்துக்கு ‘டி’ என்று ஓர் எழுத்து. எங்கள் எண்ணைத் தேடினால் அந்த இடத்தில் ஒரு குதிரை லாயம் இருந்தது. ஒரு வாரம் நான் தூங்கவில்லை. லாயத்தையா இத்தனை விலைக்கு வாங்கினோம் என்று மனைவி கேட்டதும் நினைவிருக்கிறது.

காப்பாற்றியவர் பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அறையில் தன்னார்வலராக இருக்கும் ஒரு பாட்டி. தெருவின் எண்கள் இடையில் மாறியிருக்கும், உன் வீட்டைத் தேடாதே, மூலை வீட்டைத் தேடு என்றார். ஊர் விவரத் திரட்டுகளில் தெருவாரியாக, எண் வரிசையில் குடியிருந்தவர் பெயர்கள் இருக்கும். மூலை வீட்டில் ஒரே குடும்பம் பல ஆண்டு இருந்தால், எந்த ஆண்டில் எண் மாறியது என்று அவர்கள் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். அப்படித்தான் ஆனது. எங்கள் வீடு மூலையிலிருந்து நாலாவது; பழைய எண்ணில் 1912ஆம் ஆண்டுத் திரட்டில் ஒரு தச்சர் பெயர் இருந்தது. அதற்கு முந்தைய திரட்டில் அந்த எண்ணே இல்லை. தண்ணீர் இணைப்புப் பதிவேட்டில் 1911 என்று கையெழுத்தில் பார்த்தபோது நூலகம் என்பதையும் மறந்து கைதட்டிவிட்டேன்.

சான்பார்ன் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரே வரைபடத்தின் மேல் திருத்தத் துண்டுகளை ஒட்டி ஒட்டிப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். அட்டையில் 1915 என்று இருந்தாலும் நீங்கள் பார்ப்பது 1950இன் தெருவாக இருக்கக்கூடும். கழிப்பறைத் தொட்டி மூடியின் அடிப்பக்கத்தில் தேதி அச்சாகியிருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நானும் தூக்கிப் பார்த்தேன். 1926. ஆய்வாளர் சிரித்தார். கழிப்பறை மாறியிருக்கிறது, வீடு மாறவில்லை என்றார்.

அடுத்த தலைவலி, வீட்டின் வரலாற்று முக்கியத்துவம். வீட்டில் பெரிய மனிதர் யாராவது வாழ்ந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தச்சருக்குப் பிறகு ஒரு விதவை, ஒரு பழப் பதனிடும் ஆலைத் தொழிலாளி, ஒரு பள்ளி ஆசிரியை. யாரும் பாடப்புத்தகத்தில் இல்லை. அதனால் ஒன்றுமில்லை, கட்டட வகைக்கு நல்ல எடுத்துக்காட்டாக இருந்தாலே போதும் என்றார் ஆய்வாளர். ஆனால் அந்த வழியில் போனால் வீடு கட்டியபோது இருந்தபடி மிஞ்சியிருக்க வேண்டும். இடம், வடிவம், சூழல், பொருள், வேலைப்பாடு, உணர்வு, தொடர்பு என்று ஏழு விதத்தில் பார்க்கிறார்கள். நமக்கு அடி விழுந்தது பொருளிலும் வேலைப்பாட்டிலும். தெருவிலிருந்து நேராகத் தெரியும் பக்கச் சுவரில் இரண்டு வினைல் ஜன்னல்கள். ‘பழையவை எங்கே?’ என்றார்.

நான் குப்பையில் போட்டாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி பின்தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு ஜன்னல்களையும் கூடாரம்போலச் சாய்த்துவைத்து அதன்மேல் அவரைக்கொடி ஏற்றியிருந்தார். மூன்று பருவமாக நாங்கள் பறித்துச் சமைத்ததெல்லாம் அந்தப் பந்தலில்தான். ஆய்வாளர் மண்டியிட்டு அமர்ந்து, இலைகளை விலக்கி, அலை அலையாகத் தெரியும் பழைய கண்ணாடியைத் தடவினார். ஒன்றில்கூட விரிசல் இல்லை. அந்தக் கால ரெட்வுட் மரம் மழைக்கும் உளுத்துப்போகவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த நிமிடமே, 1978க்கு முந்தைய சாயம் என்றால் ஈயம் இருக்கக்கூடும், இதன் அடியிலா காய்கறி போட்டீர்கள் என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

பழைய ஜன்னல்களைச் செப்பனிட்டுப் பொருத்தியதற்கு, வினைல் ஜன்னலுக்குக் கொடுத்ததைவிட அதிகம் ஆனது. கயிறு மாற்றுவது மட்டும் ஒரு மதிய வேலை. 2021இல் அதைச் செய்திருந்தால் இந்தப் பத்தியே இல்லை. ஆகவே ஒன்று சொல்கிறேன்: மதிப்பீடு முடியும்வரை ஓர் ஆணியையும் பிடுங்காதீர்கள். பிடுங்கினாலும் எறியாதீர்கள்.

விசாரணைக் கூட்டம் சுமுகமாக நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தன் வீட்டுக்கும் கட்டுப்பாடு வரும் என்று பயந்து எழுந்தார், வராது என்றதும் உட்கார்ந்துவிட்டார். நகர மன்றம் ஒப்புதல் தந்தது.

கடைசி அடி மில்ஸ் ஒப்பந்தத்தில். ஜனவரி 1 அன்றுள்ள நிலையை வைத்துத்தான் அடுத்த ஆண்டு வரி. அதனால் ஒப்பந்தம் டிசம்பர் 31க்குள் பதிவாகிவிட வேண்டும், தவறினால் ஓர் ஆண்டு போச்சு. 2024 டிசம்பர் நடுவில் நோட்டரி முன் உட்கார்ந்தோம். வீட்டுப் பத்திரத்தில் மனைவி பெயருக்குப் பின்னால், குடும்பப்பெயராக, என் பெயர். அவருடைய ஓட்டுநர் உரிமத்திலோ எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் அவர் பெயர். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. முதற்பெயர் தெரியாது என்று அமெரிக்கா வைத்த பெயர். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டு நோட்டரி பேனாவை மூடிவிட்டார். நான்தான் சாட்சி என்றேன். செல்லாதாம். கையெழுத்துப் பக்கத்தில் ‘இன்ன பெயராலும் அறியப்படுபவர்’ என்று ஒரு வரி சேர்த்து நகரத்தின் வழக்கறிஞர் திருப்பி அனுப்ப ஒன்பது நாள் ஆனது, நடுவில் கிறிஸ்துமஸ் வேறு. உங்கள் வீட்டிலும் இப்படி இரண்டு பெயர் இருந்தால், அந்த வரியை முதல் வரைவிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். ஒப்பந்தம் குறைந்தது 10 ஆண்டு, ஆண்டுதோறும் தானாக நீளும், மீறி ரத்தானால் சந்தை மதிப்பில் 12.5 சதவீதம் அபராதம் என்பதையெல்லாம் அப்போது வாசிக்கவே பொறுமை இல்லை. முன்னமே வாசித்துவைத்தது நல்லதாயிற்று.

டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதே நபரிடம் கட்டைக் கொடுத்தேன். பக்கங்களை எண்ணினார், முத்திரை குத்தினார், நகல் வேண்டுமா என்றார். இரண்டு வாங்கினேன்.

அவரைக்கு இப்போது மூங்கில் பந்தல் போட்டிருக்கிறோம், மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, வீட்டின் மறுபக்கத்தில்.