இரண்டரைக் கட்டைக்கு இறங்கிய கதை

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நாதஸ்வர வித்துவான் வந்து பல வாத்தியங்கள் சேர்ந்த குழுவாகிய எங்கள் மாணவர் வாத்திய பிருந்தாவோடு வாசிப்பார் என்று முடிவானதுமே சுருதிப் பிரச்சினை தலை தூக்கியது. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; எண் கூடினால் சுருதியும் உயரும். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் பழகுவது மூன்று கட்டையில்; அவருடைய நாதஸ்வரம் இரண்டரைக் கட்டை. தந்தியை முறுக்கலாம், தளர்த்தலாம். ஆச்சா மரத்தைக் கடைந்து துளையிட்ட வாத்தியத்தை என்ன செய்வது? வாயில் வைத்து ஊதும் சீவாளியாலும் உதட்டாலும் மயிரிழை ஏற்றி இறக்கலாம், அவ்வளவுதான். ஆகவே வித்துவான் தம் இடத்திலேயே இருக்க, நாங்கள் எல்லோரும் இறங்கினோம்.

வயலின்காரர்களாகிய எங்களுக்குப் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகுவதோடு வேலை முடிந்தது. வீணைகளுக்கு அப்படியில்லை. தந்தி தளர்ந்ததும் பழைய அளவில் இழுத்தால் சுரம் எல்லை தாண்டிப் போயிற்று. விரல்கள் புதிய கணக்கைப் படிக்க வேண்டியிருந்தது. கடத்துக்கோ வழியே இல்லை. சூளையில் அமைந்த சுருதிதான் அதற்கு ஆயுள் முழுவதும். கடம் வாசிக்கும் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கஞ்சிராவுக்கு மாறினான்.

உண்மையில் மாட்டிக்கொண்டவர்கள் புல்லாங்குழல் பிள்ளைகள். இரண்டரைக் கட்டைக் குழல்கள் சென்னையிலிருந்து யாரோ ஒருவருடைய பயணப்பெட்டியில் வந்து சேர்ந்தன. சுருதி இறங்கினால் குழல் நீளும், துளைகளும் விலகும். சின்னவள் ஒருத்திக்கு மோதிர விரல் துளையை முழுதாக மூடவில்லை. காற்று கசிந்து சுரம் கீச்சென்றது. ஆசிரியை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, நுனி விரலை விட்டு நடு மூட்டுப் பக்கத்துச் சதையால் மூடச் சொல்லிக் கொடுத்தார். அதன்பிறகுதான் அந்தக் குழல் பேசியது.

உருப்படி கதனகுதூகலத்தில் அமைந்த ஓர் ஆதி தாளக் கிருதி. பட்டணம் சுப்பிரமணிய ஐயர் ஆக்கிய ராகம் அது. ஆரோகணமே ச ரி ம த நி க ப ச என்று தாவித் தாவி ஏறும். அசைவு குறைவு, ஓட்டம் அதிகம் என்பதால் பலர் சேர்ந்து வாசிக்கத் தோதானது. கிருதியோடு முன்கூட்டியே கட்டி வைத்த சுரப்பகுதியான சிட்டைசுரத்தைத் துரிதமாக வாசித்துவிட்டால் சபை கைதட்டும் என்று எங்களுக்குத் தெரியும். ஒத்திகையில் பாதி நேரத்தை அதற்கே கொடுத்தோம். சாதாரண தரப் பரீட்சைக்காரர்கள் ரியூசனுக்கு நழுவியதையும், கடற்கரைப் பாதையில் ரயில் போகும்போதெல்லாம் நிறுத்த வேண்டியிருந்ததையும் கழித்துவிட்டு மிஞ்சிய நேரத்தில் பாதி.

வித்துவான் இரவு பஸ்ஸில் வந்து இறங்கினார். அவரோடு ஒத்திகை ஒன்றுதான். வெள்ளிச் சங்கிலியில் தொங்கிய சீவாளிகளில் ஒன்றை எடுத்து வாயில் வைத்து நனைத்தபடியே எங்கள் சிட்டைசுரத்தைக் கேட்டார். "நல்லது" என்று நிறுத்திக்கொண்டார். பிறகு அவர் கேட்ட கேள்வி வேறு: "தாளம் யார் பிடிக்கிறது?"

எட்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒருத்தி கைத்தாளத்தோடு எழுந்து நின்றாள். அவர் தம் நாற்காலியை அவளுக்கு நேரெதிராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "பிள்ளை, நான் எங்கே போனாலும் நீர் வர வேண்டாம். உம்முடைய கை ஆதியிலேயே இருக்கட்டும்."

அவர் அந்தக் கணத்தில் தோன்றும் சுரங்களை, அதாவது கற்பனாசுரம் வாசிக்கும்போது நாங்கள் சும்மா இருக்க வேண்டும். அதன் முடிவில் ஒரே சுரத்தொடர் மூன்று தடவை வரும் கோர்வை முடிந்ததும், பல்லவி தொடங்கும் இடமான எடுப்பில் ஒன்றாக விழ வேண்டும். கேட்க எளிதுதான். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குத் தனியாக வாசித்தே பழகியவர்கள் நாங்கள். சும்மா இருந்து தாளத்தைக் காப்பதற்குப் புள்ளி கொடுக்கும் பரீட்சை எதுவும் இல்லை. முதல் முறை எடுப்பில் பாதிப் பேர் முந்தினோம், பாதிப் பேர் பிந்தினோம். சிட்டைசுரத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அன்று முழுவதும் எடுப்பையே வாசிக்க வைத்தார் ஆசிரியை. வித்துவான் ஒவ்வொரு முறையும் கோர்வையை மாற்றினார். தொடர் மூன்றாம் தடவை வரும்போது வில்லைத் தந்திமேல் வைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் மாலையில்தான் வந்தது.

மேடையில் எதிரி குளிரூட்டி. குளிரில் தந்திகளின் சுருதி ஏறும். காற்று வாத்தியத்தின் சுருதி இறங்கும். பின்னறைப் புழுக்கத்தில் சேர்த்துக்கொண்டு வந்த சுருதியெல்லாம் மேடையில் எதிரெதிர்த் திசையில் ஓடியது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மறுபடி சேர்த்தோம். வித்துவான் மெதுவாக ஊதிக் குழலைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். இதற்கிடையில் ஒலியமைப்பாளர் நாதஸ்வரத்துக்கு முன்னால் ஓர் ஒலிவாங்கியை நட்டுவிட்டார். கோயில் வீதிக்கென்றே பிறந்த வாத்தியத்துக்கு! ஆசிரியை அதைத் தூக்கி வீணைகளின் பக்கம் வைத்தார்.

எடுப்பில் எல்லோரும் சேர்ந்தே விழுந்தோம். வித்துவான் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கடைசிவரை அந்தப் பிள்ளையின் கையைத்தான் பார்த்தார். கைதட்டல் என்னவோ சிட்டைசுரத்துக்குத்தான் கிடைத்தது.

அடுத்த முறை ஒரு வயலின் வித்துவானை அழைக்கப் போகிறார்களாம். அவருக்கு எந்தக் கட்டை என்று உடனே கேட்டேன். எதுவானாலும் சரியாம்.