பட்டினத்தார் அழுதார்

பற்றை விட்டவர் என்றால் நம் ஊரில் முதலில் வாயில் வரும் பெயர் பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் விட்டு வணிகம் செய்த திருவெண்காடர். வளர்ப்பு மகன் மருதவாணர் விட்டுப்போன பேழையைத் திறந்தால் உள்ளே ஓர் ஓலையும் காதில்லாத ஊசியும். ‘காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே’ என்ற அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது; எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோவணத்தோடு தெருவில் இறங்கிவிட்டார். சாவு வீடுகளில் இன்றைக்கும் அவர் பாட்டைப் போடுவது இந்தக் கதைக்காகத்தான்.

அவரேதான் அம்மா இறந்த அன்று திரும்பி வந்தார். ஊரை விட்டார், சொத்தை விட்டார், அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வருவேன் என்ற வாக்கை மட்டும் விடவில்லை. பச்சை வாழைமட்டையை அடுக்கி, பாடியே தீ மூட்டினார் என்று சொல்வார்கள். அப்போது பாடியதாக நம்மிடம் இருக்கும் வெண்பாக்களை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். துறவி பாடியவை போலவா இருக்கின்றன?

‘அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு’ என்று ஒன்று தொடங்குகிறது. வாய்க்கரிசியைத்தான் சொல்கிறார். தேனே, அமிர்தமே, மானே என்று என்னை அழைத்த வாய்க்கு நான் அரிசியா போடுவேன் என்று கேட்கிறார். இன்னொன்றில், தோளிலும் மாரிலும் போட்டு வளர்த்தவளை ‘விறகிலிட்டுத் தீமூட்டுவேன்’ என்று முடிக்கிறார். வேறொன்று ‘எப்பிறப்பில் காண்பேன் இனி’ என்று முடிகிறது. பிறவியே வேண்டாம் என்று கிளம்பிய மனிதர், அம்மாவைப் பார்க்க இன்னொரு பிறவி உண்டா என்று கேட்கிறார்.

(பதினொன்றாம் திருமுறையில் இருக்கும் பட்டினத்தாரும் இந்தப் பாடல்களின் பட்டினத்தாரும் ஒருவர் அல்லர், இவர் காலத்தால் பிந்தியவர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பாடியவர் யாராக இருந்தாலும் அந்த அழுகை உண்மையானது.)

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் அம்மா போன அன்று, வாய்க்கரிசி போடும் நேரத்தில் என் கை அவள் உதட்டருகே போய் நின்றுவிட்டது. நனைந்த அரிசி விரலில் ஒட்டிக்கொண்டு விழவே இல்லை. பக்கத்தில் நின்ற பெரியப்பா, “பட்டினத்தாரைப் படிச்ச பொண்ணு நீ, இப்படி அழலாமா? பற்றை விடும்மா” என்றார். நல்ல மனிதர், ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்ன பட்டினத்தார் எனக்குத் தெரிந்த பட்டினத்தார் இல்லை.

சரி, பட்டினத்தார் எதைப் பற்று என்று நினைத்தார்? திருவிடைமருதூர்க் கதையில் பதில் இருக்கிறது. கிழக்குக் கோபுர வாசலில் பட்டினத்தார், மேலைக் கோபுர வாசலில் அரசைத் துறந்து சீடராக வந்த பத்திரகிரியார். பிச்சை கேட்டு வந்த ஒருவரிடம் பட்டினத்தார், “என்னிடம் ஒன்றும் இல்லை, மேலை வாசலில் ஒரு குடும்பஸ்தன் இருக்கிறான், அவனிடம் போய்க் கேள்” என்கிறார். பத்திரகிரியாரிடம் இருந்ததெல்லாம் ஒரு திருவோடும், கூடவே திரிந்த ஒரு நாயும். அதைக் கேட்டதும் அவர் ஓட்டை வீசி எறிய, அது பட்டு நாய் செத்துப்போகிறது. அந்த நாய்க்காக எனக்கு எப்போதும் மனசு கேட்காது. ஆனால் ஓடு விஷயத்தில் குரு சொன்னது சரி. ஒரு நாட்டையே விட்டவருக்கு ஓடு ‘என்னுடையது’ ஆகிவிட்டது. ‘என்னுடையது’ என்று கை இறுகும் இடத்தைத்தான் பட்டினத்தார் தொட்டுக் காட்டினார். கண்ணீரை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒட்டாமல் இருப்பதற்கு வேறொரு நல்ல முகமும் உண்டு. அம்மாவின் கடைசி வாரத்தில் வார்டில் இருந்த நர்ஸ் அக்காவிடம் அதைப் பார்த்தேன். அம்மாவின் இரண்டு கையிலும் நரம்பு கிடைக்கவில்லை, ஊசியைப் பாதத்தில்தான் ஏற்ற வேண்டியிருந்தது. பிளாஸ்திரியை முன்கூட்டியே துண்டு துண்டாகக் கிழித்துத் தட்டின் விளிம்பில் ஒட்டி வைத்திருந்தார். அம்மா அழுதாள், நான் திரும்பி நின்றுகொண்டேன், அவர் கை மட்டும் அசையவில்லை. “முடிஞ்சிருச்சும்மா, இந்தா முடிஞ்சிருச்சு” என்று சொல்லிக்கொண்டே ஒட்டினார். அவரும் எங்களோடு சேர்ந்து பதறியிருந்தால் அம்மாவுக்கு இன்னும் இரண்டு குத்து விழுந்திருக்கும். அம்மாமேல் இருந்த அக்கறைதான் அந்தக் கையைப் பதறாமல் வைத்திருந்தது என்று நினைக்கிறேன்.

வள்ளுவர் வைத்த வரிசையையும் பாருங்கள். துறவறவியல் துறவில் தொடங்குவதில்லை. 25ஆம் அதிகாரம் அருளுடைமை, அதுதான் முதல் படி. துறவு வருவது 35இல். அந்த அருளையும் இன்னோரிடத்தில் ‘அன்பீன் குழவி’ என்கிறார், அன்பு பெற்ற பிள்ளை. அன்பே இல்லாதவன் துறப்பதற்கு என்ன இருக்கிறது? துறவு அதிகாரத்தின் முதல் குறளும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விடச் சொல்லவில்லை. ‘யாதனின் யாதனின் நீங்கியான்’ என்று, எது எதிலிருந்து விலகுகிறாயோ அது அதனால் வரும் துன்பம் இல்லை என்கிறது. ஒவ்வொன்றாக, அவரவர் வேகத்தில்.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சாவு வீட்டில் யாரையாவது தேற்ற நினைத்தால் பட்டினத்தாரைத் தாராளமாகப் பாடுங்கள். ஆனால் ஊசியை முதலில் எடுக்காதீர்கள். தாய்க்குப் பாடியதை எடுங்கள், அழுகிறவர்கள் அழுது முடிக்கட்டும். காதற்ற ஊசியைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நகையையும் நிலத்தையும் பங்கு போட உட்காரும்போது பாடுங்கள். அது தேவைப்படுவது அன்றைக்குத்தான்.